தகரத்தில் வைத்த கறிவேப்பிலை

உங்கள் அம்மா ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்தாள்.

"துப்புடி, துப்புடி கமலம்" என்று பக்கத்து வீட்டு அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவளுக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது, ஓடக்கூடாத உடம்பு. அதே வரிசையில் குடியிருந்த லூர்து கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து துளசியின் இலைகளில் படிந்த கரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

அம்மா துப்பவில்லை. குழம்புக்கு ருசி பார்க்கிறவளைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அவள் விரலில் இருந்தது ஒரு வெள்ளைப் பொடி. எங்கள் கறிவேப்பிலைக் கன்றின் அடியில், மண்ணுக்கு மேலே படிந்திருந்தது. யாரோ மந்திரம் ஓதிப் போட்ட திருநீறு என்று எங்கள் லயத்து வீடுகளில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் வேறு ஒன்றை நம்பினார்கள். அது இன்னும் மோசமானது.

சென்ற வாரம் எழுதியதில், எனக்கு வாழ்க்கைப்பட்டு இந்த நாட்டுக்கு வந்த அம்மா கப்பலைவிட்டு இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். அவள் வந்து முதலில் செய்த காரியமே இந்தக் கன்றை நட்டதுதான். அதனால் அங்கிருந்து வருகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளா.

கரி துடைக்கும் காலை

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயம் அப்போது தண்டவாளத்தை ஒட்டியே இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். வீட்டுக்கு முன்னால் ஒரு குறுகிய வராந்தா, அதற்கப்பால் எஞ்சின் சாம்பலும் சல்லியும் கொட்டி இறுகிய தரை. அதில் புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். மரம் வைக்கவும் அனுமதி கிடையாது.

அதனால் எங்கள் தோட்டமெல்லாம் மண்ணெண்ணெய்த் தகரத்தில்தான். எனக்கு சிக்னல் விளக்குகளைத் துடைத்து எண்ணெய் ஊற்றும் வேலை. காலித் தகரங்களை எடுத்துப்போக மேலாளர் சம்மதித்திருந்தார். லயத்தில் யாருக்குத் தகரம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். தகரத்தை வெயிலில் காயவைத்து, உமியைப் போட்டுக் கொளுத்தி, எண்ணெய் வாடை போன பிறகு ஆற்றோரத்து மண்ணை நிரப்புவோம்.

ஒரு வீட்டில் புதினா, ஒரு வீட்டில் தண்டுக்கீரை. லூர்து ஒரு ரோஜாவை வைத்துக்கொண்டு மாதா படத்துக்குப் பூ வேண்டும் என்று காத்திருந்தாள். முள்தான் நன்றாக வந்தது.

காலையில் முதல் வேலை செடிகளுக்கு முகம் கழுவுவது. ராத்திரி முழுவதும் போன எஞ்சின்களின் கரி இலைகளின் மேல் மை மாதிரி ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைக்கவேண்டும். துடைக்காவிட்டால் செடி சோர்ந்துவிடும். உங்களை எழுப்பி முகம் கழுவச் சொன்னால் முனகுவீர்களே, அந்தத் துளசி ஒருநாளும் முனகியதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கொசு ஒழிப்புக்காக ஒருவர் வீடு வீடாக வருவார். நாங்கள் அவரைக் கொசுக்காரர் என்போம். எங்கே தண்ணீர் தேங்கினாலும் கவிழ்த்துவிடுவார், பெயரையும் எழுதிக்கொள்வார். தகரத்தின் அடியில் துளை போட்டால் தண்ணீர் ஒழுகி வராந்தாவில் தேங்கும் என்று பயந்து எங்கள் லயத்தில் யாரும் துளை போடுவதில்லை. கொஞ்சமாக ஊற்றினால் போதும் என்பது எல்லாருடைய கணக்கு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராணி வீட்டு மரம்

அந்தச் சுற்றுவட்டாரத்தில் கறிவேப்பிலை மரம் ஒன்றே ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும். அது மேட்டுப் பக்கம் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவருடைய வீட்டில் இருந்தது. கிராணி என்றால் ஆபீசில் எழுதுகிறவர். அவருடைய மனைவியை நாங்கள் கிராணியம்மா என்று கூப்பிடுவோம். கேட்டால் இல்லை என்று சொல்லாதவர். ஆனால் சாயங்காலம் போனால் கொடுக்கமாட்டார்.

"பொழுதுபட்டால் இலை ஆயக்கூடாது பிள்ளை. மரம் நித்திரை கொள்ளும். விடிய வா" என்பார்.

"நாளைக்குக் காலையில மரம் முழிச்சதும் வரேம்மா. ஆனா என் வீட்டுக்காரரு இப்பவே முழிச்சிக்கிட்டு ரசம் கேக்கிறாரே" என்று அஞ்சலை ஒருநாள் சொன்னாளாம். அதற்கும் சிரித்துவிட்டு, இலை தராமல்தான் அனுப்பினார்.

அம்மா ஊரிலிருந்து வந்த செய்தி தெரிந்து, மரத்தடியில் தானாகக் கிளம்பியிருந்த ஒரு கன்றை வேரோடு எடுத்து வாழைமட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். லயத்துப் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். புதுப்பெண் கையால் வைக்கவேண்டும், அவள் கை எப்படியோ அப்படித்தான் குடித்தனமும் தழைக்கும் என்றார்கள். அம்மாவுக்குக் கப்பல் ஆட்டமே இன்னும் காலைவிட்டுப் போகவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டாள்.

கன்று பிடித்துக்கொண்டது. சில வாரத்திலேயே பளபளவென்று கொழுந்து விட்டது. அதைப் பார்த்துத்தான் அஞ்சலை அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"எம் பிள்ளைக்கு நீதாண்டி சேனை வைக்கணும்."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் கையால் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. அதனால் ஆளைப் பார்த்துத்தான் கேட்பார்கள். உறவு என்று ஒருத்தரும் இல்லாத ஊரில், கப்பலைவிட்டு இறங்கிய சூடு ஆறாத பெண்ணிடம் அதைக் கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும். அன்று அம்மா இரண்டு தடவை சோறு வடித்தாள். முதல் சோறு வடித்ததே அவளுக்கு ஞாபகம் இல்லை.

பட்டுப்போகும் கை

அப்போது கடலோரக் கிள்ளானிலிருந்து காலை ரயிலில் மீன் வரும். மீன் கழுவின தண்ணீர் செடிக்கு நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீடு குழாயடிக்குப் போகும் வழியில் கடைசி வீடு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாருக்கும் கன்றின் மேல் ஒரு கண். நாளைக்கு வளர்ந்தால் ஆளுக்கொரு கொத்து கிடைக்குமல்லவா.

பிறகு கடலில் காற்றுக் காலம் வந்தது. படகுகள் போகவில்லை, மீனும் வரவில்லை. எங்கள் பக்கமோ அந்தச் சமயம் மழை இல்லாமல் காய்ந்தது. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. சீனர் கடையில் வாங்கிய கருவாட்டை வைத்துத்தான் எல்லா வீட்டிலும் குழம்பு.

அந்த நாட்களில்தான் கன்றுக்கு நோய் கண்டது. முதலில் இலை நுனி கருகியது. தீக்குச்சியால் சுட்டது போல ஓரமெல்லாம் பழுப்பு. பிறகு கீழிலைகள் உதிர ஆரம்பித்தன. வெயில் அதிகம் என்று உள்ளே தள்ளி வைத்தோம், வெளிச்சம் போதவில்லை என்று வெளியே இழுத்து வைத்தோம். அதுவும் போகவர ஒவ்வொரு இலையாகக் கொடுத்துவிட்டது.

அஞ்சலை எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தகரத்தில் கட்டினாள். லூர்து கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். "உங்க சாமி பாத்துக்கலைன்னா எங்க சாமி பாத்துக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகுதான் வெள்ளைப் பொடி கண்ணில் பட்டது.

பிரசவத்துக்குத் துணையாக அஞ்சலையின் நாத்தனார் ரவாங்கிலிருந்து வந்திருந்தாள். வந்த அன்றே தகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"யாரு வச்ச செடி?"

"கமலம் வச்சது" என்றாள் லூர்து.

"சேனை வைக்கப்போறவளும் அவதானா?"

நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள்.

"செய்வினையாவது ஒண்ணாவது. சில பேரு கை அப்படி. பச்சையைத் தொட்டாலும் பட்டுப்போவும். பச்சைப்பிள்ளை நாக்குல அந்தக் கையை வைக்கவிடுவேன்னு நினைக்காதீங்க."

அம்மா உள்ளே அடுப்படியில் இருந்தாள். பலகைச் சுவர். எல்லாம் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் கோபித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. புதினாத் தகரத்தைத் தள்ளி வைக்கச் சொன்னால், "நீங்களே வைங்க" என்பாள். பக்கத்து வீட்டில் கீரை விதை போடக் கூப்பிட்டால் தலைவலி என்பாள். அஞ்சலை குழந்தைத் துணி தைக்கக் கொடுத்ததைத் தைத்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"நீங்க கொண்டுபோய்க் குடுங்க."

"நாலு அடி தூரம். நீயே குடேன்."

"எதுக்கு."

பிள்ளைகளா, வெளியார் சொல்லும் பொல்லாப்பை ஒருவர் தாங்கிக்கொள்ளலாம். அதை அவரே நம்ப ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வது? படித்தவனாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். நான் செடிகளின் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திருநீறு கரிக்குமா

இப்போது முதல் வரிக்கு வருகிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. கன்றில் ஓர் இலையும் இல்லை, குச்சிதான் நின்றது. அது தன் வீட்டு மரத்தின் பிள்ளை என்பதால் கிராணியம்மாவும் பார்க்க வந்திருந்தார். ரவாங் நாத்தனார் அஞ்சலை வீட்டு வாசலில் நின்று, அந்த மண்ணை ஆற்றில் கொட்டச் சொன்னாள். தொடவே எல்லாரும் தயங்கினார்கள்.

"நான் தொடறேன். இனிமே எனக்கு என்ன ஆவப்போவுது" என்று அம்மா விரலை வைத்து வழித்தாள். வழித்ததைப் பார்த்தாள். அப்படியே நாக்கில் வைத்துவிட்டாள்.

அஞ்சலை ஓடிவந்ததும் லூர்து சிலுவை போட்டதும் முன்பே சொன்னேன். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"திருநீறு கரிக்குமா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"கரிக்குது. உப்பு."

அஞ்சலையும் விரலை வைத்தாள். நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு லூர்து. "உப்பேதான்" என்றாள். அடுத்த நொடி அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "எந்தச் சண்டாளி வந்து உப்பைக் கொட்டினா? ஒரு சின்னக் கன்னு, அதுக்குக்கூடப் பொறாமையா? நான் தினம் தினம் இதுக்காகக் கருவாடு கழுவின தண்ணியைக்கூடக் கீழ ஊத்தாம கொண்டாந்து..."

அங்கே நிறுத்தினாள்.

அவள் கீழே வைத்த சட்டியை எல்லாரும் பார்த்தோம். கருவாடு கழுவின தண்ணீர். இரண்டு செதில் மிதந்தது.

"நீயுமா ஊத்தின?" என்றாள் அஞ்சலை மெதுவாக.

"நீயுமான்னா?"

"மீன்தண்ணி நல்லதாச்சேடி. மீன் கிடைக்கலை, கருவாடும் மீனுதானேன்னு..."

இரண்டு பேரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நானும்தான்" என்றாள்.

தண்டவாளத்தில் ஒரு சரக்கு வண்டி போனது, அதன் சத்தம் முடியும்வரை நின்றோம். பிறகு கிராணியம்மா தகரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"மூண்டு பேருமாய்ச் சேர்ந்து செடிக்குக் கருவாட்டுக் குழம்பெல்லோ வைச்சிருக்கிறியள். புளி மட்டும்தான் குறை" என்றார்.

முதலில் சிரித்தது லூர்து. அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்கடி, இங்கேயே பெத்துடுவேன்" என்று சுவரோடு சாய்ந்தாள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள். வந்ததிலிருந்து அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். எனக்கு அது நல்ல காரியமாகத் தோன்றியது.

நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. "உப்போ திருநீறோ, செடி செத்துத்தானே கிடக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

துளை

தகரத்தைக் கவிழ்த்தோம். அடி மண் சேறாக நாறியது. உப்பு உள்ளே போனது, வெளியே போக வழியில்லை. ஆணியும் சுத்தியலும் எடுத்து அடியில் துளை போட்டேன். கொசுக்காரர் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். பிறகு அவர் வந்தபோது, தண்ணீர் வடிந்துபோகிற தகரத்தைப் பார்த்து ஒன்றுமே சொல்லாமல் போனார். நாங்கள்தான் இல்லாத சட்டத்துக்கு இத்தனை நாள் பயந்திருக்கிறோம்.

கிராணியம்மா வேரைக் குழாய்த் தண்ணீரில் அலசிக் காட்டினார். கறுத்த வேர்களுக்கு நடுவே ஒன்றிரண்டு வெள்ளையாக இருந்தன. "சீவன் கிடக்குது போலதான் இருக்கு. ஆனால் சத்தியம் பண்ணமாட்டன்" என்றார். புது மண்ணில் வைத்தோம். வைக்கும்போது அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான்தான் வைத்தேன்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் குச்சி குச்சியாகவே நின்றது. அம்மா தினமும் காலையில் அதைப் பார்ப்பாள், கிட்டே போகமாட்டாள்.

குச்சி துளிர்ப்பதற்கு முன்னாலேயே அஞ்சலைக்கு வலி கண்டது.

மழை திரும்பி வந்த அன்று அது. பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு கொட்டியது. கூரைச் சத்தத்தில் பக்கத்து வீட்டு முனகல்கூடக் கேட்கவில்லை. மழை விட்டதும்தான் குழந்தையின் அழுகை கேட்டது. பெண்குழந்தை. லூர்து ஓடிவந்தாள்.

"கமலம், வா. கூப்பிடுறா."

"அவங்க நாத்தனார் இருக்காங்களே. அவங்க வைக்கட்டும்."

"உன்னைத்தான் கேக்கிறா."

"செடி இன்னும் துளுக்கலைக்கா" என்றாள் அம்மா.

லூர்து போய்விட்டாள். பலகைச் சுவருக்கு அப்பாலிருந்தே அஞ்சலையின் குரல் வந்தது. அப்போதுதான் பிள்ளை பெற்றவள். அந்தக் குரலுக்கு எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியவில்லை.

"கமலம். காது கேக்குதா? கருவாட்டுத் தண்ணி ஊத்தினவ நானு. ஊத்தினவ லூர்து. எங்க கையைவிட உன் கை எந்த விதத்துலடி மோசம்? எம் பிள்ளை வாயைத் திறந்துகிட்டுக் கிடக்கு. நீ வர்றியா, இல்ல நான் எந்திரிச்சு வரட்டுமா?"

நாத்தனார் ஏதோ சொன்னாள். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அண்ணி" என்று அஞ்சலை சொன்னது தெளிவாகக் கேட்டது.

அம்மா எழுந்தாள். பானைத் தண்ணீரில் கையைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடியும் கழுவினாள். போனாள்.

ஆண்கள் உள்ளே போகக்கூடாது. நான் வராந்தாவில் அஞ்சலையின் புருஷனோடு நின்றேன். அவர் பீடியைப் பற்றவைக்காமலே கடித்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே லூர்து சொன்னாள்: "பாரு, விரலை விடமாட்டேங்குது. சப்புக்கொட்டுது பாரு."

வெளியே வந்த அம்மாவின் முகத்தை இங்கே எழுதத் தெரியவில்லை. "விரலைக் கவ்விக்கிச்சுங்க" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்குள் போய் அடுப்பை மூட்டினாள்.

நாத்தனார் ரவாங்குக்குத் திரும்பும்வரை குழந்தையின் நாக்கை அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கேள்வி. நாக்கு நன்றாகத்தான் இருந்தது. லயம் முழுவதும் கேட்கும்படி அழ உதவியது.

பிறகு ஒரு காலை, கரித்துணியோடு வந்தவன் கன்றின் அடியில் குனிந்து பார்த்தேன். காய்ந்த குச்சிக்குப் பக்கத்தில், மண்ணைப் பிளந்துகொண்டு, அரிசிமணி அளவில் ஒரு செந்தளிர். நான் அம்மாவைக் கூப்பிடவில்லை. அவளே பார்க்கட்டும் என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். வெளியே செம்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

பவுனு

அந்தக் குழந்தைதான் பவுனு. உங்களுக்குத் தெரியாதவளா. தவழ ஆரம்பித்ததும் அவளுடைய முதல் தொழில் மண் தின்பது. எந்தத் தகரம் கைக்கெட்டினாலும் ஒரு விரல் மண்ணை வாயில் வைத்துக்கொள்வாள். அஞ்சலை அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவாள்.

"பாருடி நீ வச்ச சேனையை. ஊர்ல எல்லாப் பிள்ளையும் பாலைக் குடிக்குது. இது மண்ணை நக்கிக்கிட்டு நிக்குது."

"நல்ல மண்ணாப் பாத்துத்தான நக்குறா" என்பாள் அம்மா.

இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டில் கறிவேப்பிலை தரையில் நிற்கிறது, கூரையைத் தாண்டிவிட்டது. கரி துடைக்க ஏணி வேண்டும், அதனால் மழையிடமே விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பவுனு தன் வீட்டுக்கு ஒரு கன்று கேட்டு வந்தாள். தகரத்தைக் கவிழ்த்துத் துளை இருக்கிறதா என்று பார்த்தாள். மண்ணைப் போட்டு நிரப்பினாள். கன்றை வைப்பதற்கு முன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மண்ணை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

அடுப்படி ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்னடி, கரிக்குதா?"

"இல்ல அத்தை. சப்புன்னுதான் இருக்கு."

"அப்ப வை."